மூன்றாவது முறைக்குப் பிறகு பாட்டு நிற்கவில்லை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என்னை விடுதலை செய்தார்கள். அந்த வாக்கியம் மட்டும் என் காதில் விழவில்லை.

தப்பு என்னுடையதுதான். நீதிபதி அம்மாவின் மேசையில் புதிதாக மைக் வைத்திருக்கிறார்கள். அவர் தாளைப் புரட்டி வாசிக்க ஆரம்பித்ததும் அது 'கூ' என்று ஊளையிட்டது. இருபத்தெட்டு வருடமாக ரேடியோ செட் போடுகிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் வாய் சும்மா இருக்காது. கூண்டுக்குள் நிற்கிறோம் என்பதை மறந்து, "அம்மா, ஸ்பீக்கருக்கு நேரா மைக் இருக்கு. அந்தப் பக்கமாத் திருப்பி வைங்க, ஊளை நிக்கும்" என்று சொல்லிவிட்டேன். கோர்ட்டே சிரித்தது. டவாலி முறைத்தார். நீதிபதி அம்மா மைக்கைத் திருப்பிக்கொண்டே மிச்சத்தையும் வாசித்து முடித்துவிட்டார்.

"என்ன சார் சொன்னாங்க? எத்தனை மாசம்?" என்று என் வக்கீல் ஜெபராஜைக் கேட்டேன்.

"வீட்டுக்குப் போகச் சொன்னாங்க" என்றார்.

இந்த டைரி ஹார்டுவேர் கடையில் ஓசியாகக் கொடுத்தது. கேஸ் முடிந்த நாளிலிருந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். முதலில் கேஸ் என்ன என்று எழுதிவிடுகிறேன். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன், ஞாபகசக்தியை நம்ப முடியாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணியில் மேலநொச்சியில் ஒரு சடங்கு வீட்டுக்கு ரேடியோ செட்டும் டியூப் லைட்டும் போட்டோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. லைட் கட்டியிருந்த இரும்புப் பைப்பைத் தையல்காரர் சண்முகையா வலது கையால் பிடித்தார். கரண்ட் அடித்துவிட்டது. உயிர் பிழைத்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் போர்டில் டிரிப்பர் உண்டு. எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும் சின்னப் பெட்டி. அது அப்போது விழவில்லை. அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து 'டைரக்ட்' கொடுக்கப்பட்டிருந்தது. அந்தத் துண்டுக்கு எங்கள் தொழிலில் லூப் என்று பெயர்.

யார் கொடுத்தது என்று போலீஸால் நிரூபிக்க முடியவில்லை. நான், என் மகள் செண்பகவல்லி என்ற செம்பா, கூலிக்கு வந்த இரண்டு பேர், கிரைண்டர் சொருகிய சமையல்காரர்கள் என்று ஏழு பேர் கை பட்ட போர்டு. ஆகவே சந்தேகத்தின் பலன் எனக்கு.

வீட்டில் என் மனைவி வேலம்மாள் பாயசம் வைத்திருந்தாள். செம்பா என் தட்டில் இரண்டு ஆம்லெட் வைத்துவிட்டு, "எனக்காக ஒன்றரை வருசம் கூண்டுல நின்னியளேப்பா" என்று அழுதாள்.

நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

தீர்ப்பு நகல் வந்தது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் லேமினேட் செய்து கடையில் மாட்டினேன். 'ஆவுடையப்பன் ரேடியோஸ், இடையில் நிற்காத இன்னிசைக்கு' என்ற பெயர்ப் பலகைக்குக் கீழே. மதியத்துக்குள் நான்கு பேர் வாசித்தார்கள். ஐந்தாவது ஆள் அதை ரேட் கார்டு என்று நினைத்து, "கல்யாணத்துக்கு இதுல எது அண்ணே?" என்று கேட்டான்.

பிப்ரவரி 21, வெள்ளி

லேமினேட் செய்ததைப் பார்த்து வக்கீல் சார் வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

சண்முகையா சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட கேஸ் அப்படியே நிற்கிறதாம். இந்த விடுதலை அங்கே செல்லாதாம்.

"ஒரே கை, ஒரே பைப்பு, ஒரே நாள். இங்க இல்லன்னு சொன்ன பிறகு அங்க எப்படி சார் உண்டுன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"இங்க உங்களை இல்லன்னு சொல்லல ஆவுடையப்பன். தெரியலன்னு சொல்லியிருக்காங்க. வாசிச்சீங்களா, இல்ல நேரா லேமினேஷன் கடைக்குப் போயிட்டீங்களா?"

நேராகத்தான் போனேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். கிரிமினலில் அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டும். நியாயமான சந்தேகம் ஒன்று மிஞ்சினாலும் ஆளை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் போவது ஒரு மனிதனின் சுதந்திரம். சிவிலில் அவ்வளவு வேண்டாம். இரண்டு பேர் சொல்வதில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று மட்டும் பார்ப்பார்கள். தராசு ஒரு நெல் எடை சாய்ந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து வேலம்மாளுக்கு என் பாஷையில் விளக்கினேன். "கிரிமினல் கோர்ட்டுல பாட்டு சுத்தமா வரணும். ஒரு கரகரப்பு இருந்தாக்கூட கேசட்டைத் தூக்கிப் போட்டுருவாங்க. சிவில்ல அப்படி இல்ல. ரெண்டு ஸ்பீக்கர் பாடும். எது ஒரு புள்ளி கூடக் கேக்குதோ, அந்தப் பாட்டுதான் உண்மை."

"இவ்வளவு விவரம் தெரிஞ்ச மனுசன் பத்தாவதுல ஏன் ஃபெயிலானிய?" என்றாள்.

இன்னொன்றும் சார் சொன்னார். அதை வேலம்மாளிடம் சொல்லவில்லை. கிரிமினலில் நீதிபதி என்னைக் கேட்டபோது, 'சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்றேன். அதை அங்கே எனக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயை மூடிக்கொள்வது குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் உரிமை. சிவிலில் அந்தச் சௌகரியம் கிடையாது. நான் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து பேச வேண்டும். ஏறவில்லை என்றால், எதையோ மறைக்கிறான், ஆகவே எதிராளி சொல்வதுதான் சரி என்று எழுதிவிடலாமாம்.

மார்ச் 3, திங்கள்

குழாய் ஸ்பீக்கர் இரண்டுக்கு பெயின்ட் அடித்தேன். ஒன்றுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கொட்டு வாங்கினேன், காது மடலில்.

மார்ச் 27, வியாழன்

சண்முகையாவைச் சந்தித்துவிட்டேன். ஒன்றரை வருடமாக அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். இன்று பஞ்சர் கடையில் வண்டியை விட்டுவிட்டு நிற்கும்போது எதிரே வந்துவிட்டார். பின்னால் சுவர், முன்னால் அவர்.

"என்ன அண்ணாச்சி, கேஸுல ஜெயிச்சிட்டியளாமே! லட்டு கிட்டு கிடையாதா?"

"அதெல்லாம் ஜெயிச்சதுன்னு சொல்ல முடியாது..." என்று இழுத்தேன்.

"சும்மா சொல்லுங்க. கடையில மாட்டி வச்சிருக்கியள்லா."

வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்தபடியே பேசினார். இடது கையால் துணி வெட்டப் பழகுகிறாராம். நேற்று வெட்டிய பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு கை முழம், ஒரு கை சாண். "போட்டவன் வலது பக்கம் மட்டும் வளந்தா சரியா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். செம்பாவுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து யூனிஃபார்ம் தைத்தவர்.

பிறகு சொன்னார்: "உங்கள ஜெயிலுக்கு அனுப்பணும்னு எனக்கு ஆசை இல்ல அண்ணாச்சி. வந்தவன் போனவன் எல்லாரும் 'கரண்ட் அடிச்சிட்டு, கரண்ட் அடிச்சிட்டு'ன்னு சொல்லுதான். போலீஸ் பேப்பர்லயும் 'டைரக்ட் கொடுக்கப்பட்டிருந்தது'ன்னுதான் இருக்கு. கரண்ட் தானாவா வந்து அடிக்கும்? யாரோ ஒரு ஆள் செஞ்சிருக்கான்லா? அந்த ஆள் யாருன்னு ஒருத்தன் வாயால கேட்டாப் போதும் எனக்கு."

பஞ்சர் ஒட்டி முடியவில்லை. வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

லேமினேஷனைக் கழற்றி பீரோவுக்கு மேலே வைத்தேன். தூசி படுகிறது என்று வேலம்மாளிடம் காரணம் சொன்னேன்.

மே 6, செவ்வாய்

ஒயர்மேன் தேர்வுக்கு விண்ணப்பம் போட கடைசித் தேதி பத்து நாளில். செம்பா எலக்ட்ரிகல் டிப்ளமோ, முதல் வகுப்பு. இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வேலம்மாள் விண்ணப்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். அவள் அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"ஒரு ஆளோட கையைக் கெடுத்தவ நான். எனக்கு லைசென்ஸ் எதுக்கும்மா?"

இதைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும். அன்று மத்தியானம் லைட்டெல்லாம் எரிகிறதா என்று பார்க்க அவள்தான் லூப் போட்டுச் சோதித்தாள். சோதித்த பிறகு எடுத்தோமா இல்லையா என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. மறுநாள் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்ததால் ஏழு மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். போர்டைப் போலீஸ் எடுத்துப் போனபோது லூப் அதில் இருந்தது என்று கேள்விப்பட்டதும் என் தோளில் விழுந்து அழுதாள். "நான்தான்ப்பா. லூப்பை எடுக்க மறந்துட்டேன்."

"யார்ட்டயும் சொல்லாத" என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் தியாகி. எனக்குத்தான் முதல் தோசை. ஃபேன் என் பக்கம்தான் திரும்பும். எங்கள் வீட்டில் பல்ப் ஃபியூஸ் ஆனால் மாற்றுவது நான்தான். செம்பா ஸ்டூலைக்கூடத் தொடுவதில்லை.

மே 16, வெள்ளி

விண்ணப்பத் தேதி முடிந்தது. அரிசி டப்பா நகரவில்லை.

ஜூன் 12, வியாழன்

அன்று நடந்ததை மணி வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார் வக்கீல் சார். எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மூன்று மணி: செம்பா போர்டு கட்டி, லைட் எல்லாம் சோதித்தாள்.

ஐந்து மணி: பாட்டு ஆரம்பம்.

ஐந்தே முக்கால்: தூறல். டிரிப் விழுந்தது. நானே தூக்கிவிட்டேன். செம்பா வீட்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தாள், கரண்ட் போய்வந்தது என்று நினைத்தாள்.

ஏழு: செம்பா பஸ் ஏறினாள்.

ஏழு இருபது: மறுபடி விழுந்தது. வீட்டுக்காரர் வந்து, "தாய்மாமன் சீர் வார நேரத்துல பாட்டு நின்னா என் மானம் போவுது வேய்" என்று கத்தினார்.

எட்டு பத்து: மூன்றாவது முறை விழுந்தது. வாசலில் சீர்த் தட்டுகள். தூக்கிவிட்டதும் வீட்டுக்காரர் மைக்கிலேயே கேட்டார், "இதான் இடையில் நிற்காத இன்னிசையா?" என்று. இருநூறு பேர் சிரித்தார்கள்.

பிறகு பாட்டு நிற்கவில்லை.

எட்டே முக்கால்: சண்முகையா பைப்பைப் பிடித்தார்.

வக்கீல் சார் வாசித்தார். எட்டு பத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"இவ்வளவு விவரம் வேண்டாம்."

"நடந்தது சார்."

"நான் உங்ககிட்ட என்னைக்காவது யாரு லூப் கொடுத்ததுன்னு கேட்டிருக்கேனா? கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

ஜூலை 18, வெள்ளி

எதிர்த் தரப்பு வக்கீல் பர்வீன், சின்ன வயசுப் பெண், சடங்கு வீட்டு வீடியோவைச் சாட்சியமாகப் போட்டிருக்கிறார். நகல் வந்தது. சார் ஆபீஸில் பார்த்தோம்.

வீடியோவில் என்னைப் பார்த்தேன். கேமரா வருவது தெரிந்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிற்கிறேன். பெரிய விமானம் ஓட்டுகிறவன் மாதிரி முகம். அதன் பிறகு பாட்டு நிற்கிறது, பந்தலில் விளக்கெல்லாம் அணைகிறது. கூட்டம் 'ஓ' என்கிறது. எல்லோரும் கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் படத்தின் மூலையில், எதிர்வீட்டு மாடியில், ஒரு மஞ்சள் பல்ப் எரிந்துகொண்டே இருக்கிறது.

படத்தின் அடியில் மணி ஓடுகிறது. எட்டு பத்து.

சார் வீடியோவை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கவனிக்குது" என்றார். பர்வீனைச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாட்சி வாக்குமூலத்தை சார் டைப் செய்து வைத்திருந்தார். 'மின் இணைப்பு வேலையை டிப்ளமோ படித்த என் மகள் முறைப்படி செய்தாள். நான் ஆம்ப்ளிஃபயரை மட்டும் கவனித்தேன். போர்டை நான் தொடவில்லை.' மூன்று வாக்கியம். முதல் வாக்கியத்துக்காக மற்ற இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தில் 'ப்' புள்ளி தாளில் ஓட்டை போட்டுவிட்டது.

என் தரப்பில் இரண்டாவது சாட்சி செம்பா. 'எல்லாம் ஒழுங்காகச் செய்தேன்' என்று அவள் சொல்ல வேண்டும் என்பது சாரின் கணக்கு. கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் உட்கார்ந்த உடனே கேட்டாள்: "சிவில் கேஸுல ஜெயில் கிடையாதுல்லா சார்?"

"கிடையாதும்மா."

"அப்ப நான் உண்மையச் சொல்லிடுதேன். லூப்பை எடுக்க மறந்தது நான். சண்முகையா மாமா முகத்தைப் பாத்துச் சொல்லணும் எனக்கு. எங்க அப்பா எனக்காக எவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருப்பாரு?"

சார் பேனாவை மூடினார். "அம்மா, கவனமாக் கேளு. சிவில்ல நீ சத்தியம் பண்ணிச் சொன்னதை நாளைக்கு கிரிமினல் பக்கம் எடுத்துட்டுப் போகலாம். உங்க அப்பாவை ஒரு தடவை விசாரிச்சு விட்டாச்சு. அப்பீலுக்கு உண்டான நாளும் போயாச்சு. இவரு கூண்டுல ஏறி 'நான்தான் செஞ்சேன்'னு கத்தினாலும் அதே குற்றத்துக்கு இவரை மறுபடி நிறுத்த முடியாது. உன்னை இதுவரைக்கும் யாரும் விசாரிக்கல. புரியுதா?"

"புரியுது சார். பரவாயில்ல."

அவளுக்குத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாக எனக்கு ஒரு காரணம் இருந்தது, ஜெயில். அதை அவர் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார். பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை.

வரும் வழியில் செம்பா எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். வழுக்கையையும் வழித்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வாய்தா. நீதிபதி விடுமுறை. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததே என்று வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மறுபடி வாய்தா. அடுத்த வாரம் ஒன்பதாம் தேதி கண்டிப்பாக எடுப்பார்களாம். செம்பா கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறாள்: "எடுக்க மறந்துட்டேன் அய்யா." மூன்றாவது வார்த்தையில் குரல் உடைகிறது. மறுபடி ஆரம்பிக்கிறாள். நான் பக்கத்து அறையில் ஸ்பீக்கர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றியதையே அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்தக் கோர்ட்டில் மைக் இல்லை.

ஒரு சாட்சி பேசும்போது அடுத்த சாட்சி உள்ளே இருக்கக் கூடாதாம். செம்பாவை வெளியே வராந்தாவில் உட்கார வைத்தார்கள். கூண்டிலிருந்து பார்த்தால் கதவு வழியாக அவள் தெரிந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. உதடு அசைந்துகொண்டிருந்தது. சண்முகையா முன் பெஞ்சில்.

சத்தியம் வாங்கினார்கள். கிரிமினலில் என்னிடம் இதைக் கேட்கவே இல்லை. பர்வீன் எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். ரேடியோ செட் புக் செய்ய வந்தவர் மாதிரிப் பேசினார்.

"உங்க பெயர்ப் பலகையில என்ன எழுதியிருக்குங்கய்யா?"

"இடையில் நிற்காத இன்னிசைக்கு."

"அன்னைக்கு எத்தனை தடவை நின்னுச்சு?"

சார் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அய்யா பதில் சொல்லச் சொன்னார்.

"மூணு தடவை."

"கரண்ட் போனதாலயா?"

எதிர்வீட்டு மஞ்சள் பல்ப் ஞாபகம் வந்தது. "இல்ல. டிரிப் விழுந்ததால."

"டிரிப் விழணும்னா, அந்த நேரத்துல லூப் இருக்கக் கூடாது. சரிதானே?"

"சரி."

"மூணாவது தடவை எட்டு பத்துக்கு. அதுக்குப் பிறகு எட்டே முக்கால் வரைக்கும் எத்தனை தடவை விழுந்துச்சு?"

"விழல."

"தூறல் நின்னுடுச்சா?"

"இல்ல. கூடிச்சு."

"அப்ப ஏன் விழல?"

இங்கே பேசாமல் இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் எழுதுவார்கள். டைப் அடிக்கும் அம்மா விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பர்வீன் தாளைத் திருப்பினார். "உங்க வாக்குமூலத்துல போர்டை நீங்க தொடவே இல்லன்னு சொல்லியிருக்கீங்க. வேலையெல்லாம் மகள்தான் செஞ்சாங்கன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப லூப் கொடுத்தது உங்க மகள்தான்னு எடுத்துக்கலாமா?"

அவர் திறந்த கதவு அது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. சொல்லக்கூட வேண்டாம், தலையாட்டினால் போதும். வெளியே செம்பா தயாராக உட்கார்ந்திருக்கிறாள், அதே பதிலை மனப்பாடம் செய்துகொண்டு. அப்பனும் மகளும் சொல்வது பொருந்திப் போகும். ஒரு கரகரப்பு இருக்காது.

"இல்ல. அவ ஏழு மணி பஸ்ல போயிட்டா. நான்தான்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார் நீதிபதி. வாழ்நாளில் என் சத்தம் பத்தவில்லை என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

"நான்தான் அய்யா டைரக்ட் கொடுத்தேன். மூணாவது தடவை பாட்டு நின்ன பிறகு. மைக்ல கேலி பண்ணினாங்க. பொறுக்க முடியல. சீர் வாங்கி முடியிற வரைக்கும்தானேன்னு நினைச்சேன். பிறகு எடுக்க மறந்துட்டேன்."

எடுக்க மறந்துட்டேன். அவளுடைய வாக்கியம் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பர்வீன், "வேற கேள்வி இல்ல" என்றார். அவருக்கே ஆச்சரியம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சாட்சி தேவையில்லை என்று சார் சொல்லிவிட்டார். வெளியே வந்தபோது சண்முகையா படியில் நின்றார்.

"இதைச் சொல்ல ரெண்டு வருசமா அண்ணாச்சி?"

"ஆமா."

அவர் இடது கையால் செருப்பின் வாரை மாட்ட முயன்றார். குனிந்து மாட்டிவிடலாம் என்று போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 10, புதன்

நேற்று மிச்சத்தை எழுத முடியவில்லை.

பஸ்ஸில் செம்பா ஜன்னலோரம். "என்ன கேட்டாங்க? என்னை ஏன் கூப்பிடல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மேலநொச்சி விலக்கு வரைக்கும் தாக்குப் பிடித்தேன். பிறகு சொன்னேன். கூண்டில் சொன்னதை அப்படியே, அதே வரிசையில்.

"மூணாவது தடவை எட்டு பத்துக்கா விழுந்திச்சு?"

"ஆமாம்மா."

"நான் ஏழு மணிக்குப் போயிட்டேன்."

"ஆமா."

"அப்ப நான் எடுத்திருக்கேன். லூப்பை எடுத்திருக்கேன்."

"எடுத்துட்ட."

மூன்று நிறுத்தம் தாண்டியது. கண்டக்டர் வந்து போனார். அவள் தன் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பிளக் பாயின்ட்டைத் தொடும்போதெல்லாம் கை நடுங்கும்ப்பா எனக்கு. கடையில கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூட பக்கத்துல இருக்கவளைக் கூப்பிடுவேன். ரெண்டு வருசம்."

"தெரியும்."

"தெரியுமா?"

அவள் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். அவள் பின்னலில் காலையில் வேலம்மாள் வைத்த பூ வாடியிருந்தது. இறங்கும் இடம் வந்தபோது திரும்பாமலே கேட்டாள்:

"ஜெயிலுக்குப் பயந்துட்டியளாப்பா?"

"ஆமாம்மா. பயந்துட்டேன்" என்றேன்.

இன்று காலையில் முதல் தோசை வேலம்மாளுக்குப் போனது. ஃபேன் நடுவில் நின்றது. சாரிடமிருந்து போன் வந்தது. தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று கேட்காதீர்கள் என்றார். நான் கேட்கவில்லை. மத்தியானம் அடுப்படி பல்ப் போய்விட்டது. நான் ஸ்டூலை எடுக்கப் போனேன். செம்பா ஏற்கெனவே அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள், வாயில் டெஸ்டரைக் கடித்துக்கொண்டு. அரிசி டப்பா இடம் மாறியிருந்தது. பழைய பல்பை மட்டும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

பயந்துட்டேன் என்று சொன்னது பொய்யில்லை. பயம் வந்தது. ஆனால் அது இரண்டாவதாக வந்தது. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து, "நான்தான்ப்பா, லூப்பை எடுக்க மறந்துட்டேன்" என்று அழுதாளே, அந்த நேரத்தில் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்ற எனக்கு முதலில் வந்தது வேறு. எந்தக் கோர்ட்டிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்பாடா என்று இருந்தது.